பிடி (Bt) பருத்தி விதை போட்டும் காய்க்குள் சிவப்புப் புழு: விதை போலியா?

கேள்வி: பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரிக் கரிசலில் மூன்று ஏக்கர் பருத்தி போட்டிருக்கிறேன். பிஜி-2 என்கிற பிடி விதைப் பாக்கெட், பில்லோடு வாங்கியது. முதல் இரண்டு எடுப்பு நன்றாக வந்தது. மூன்றாவது எடுப்பில் பாதிக்கு மேல் கறை பிடித்த கொட்டுப் பருத்தி. வெளியே பார்த்தால் காய் நன்றாக இருக்கிறது, உடைத்தால் உள்ளே சிவப்புப் புழு. பச்சைப் புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஐந்து தடவை மருந்து அடித்துவிட்டேன். கடைசி இரண்டு தடவை கடைக்காரரே இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார். விதையில் ஏமாற்றிவிட்டார்களா? மார்கழிக் கடைசியில் பெய்த மழைக்குச் செடி மறுபடி துளிர்த்திருக்கிறது. இன்னொரு எடுப்புக்கு விடலாமா? அடுத்த வருடத்துக்குக் களைக்கொல்லி அடித்தாலும் சாகாத 'பிஜி-3' விதை தருகிறேன், புழுவும் வராது என்கிறார் ஒருவர். பில் கிடையாதாம். வாங்கலாமா? கல்லூரியில் படிக்கும் என் மகள், பிடி செடியே விஷம், பருத்திக்கொட்டையை மாட்டுக்கு வைக்காதே என்கிறாள். கத்தரிக்காயிலும் இது வரப்போகிறதாமே என்று கேட்கிறாள். எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "பச்சைப் புழு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். மக்காச்சோளமும் பருத்தியும் அடுத்தடுத்து நிற்கும் உங்கள் பக்கத்தில் பச்சைக் காய்ப்புழு இல்லாத வருடம் கிடையாது. விதை போலியாக இருந்திருந்தால் சப்பை எனும் பூமொட்டையும் இளங்காயையும் அதுதான் முதலில் துளைத்திருக்கும். காய்க்குள் தலையை விட்டு, பாதி உடம்பை வெளியே நீட்டியபடி அது தின்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது வரவில்லை என்றால், ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்ததால் செடியே உண்டாக்கும் புழுக்கொல்லியான பிடி புரதம் செடிக்குள் இருக்கிறது, வேலையும் செய்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் தீரவில்லை என்றால், இலைச் சாற்றில் ஒரு பட்டையைத் தோய்த்துப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. பாக்கெட்டையும் பில்லையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போய், விதை ஆய்வாளரிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள். பில் வைத்திருக்கிறீர்கள், அது நல்ல காரியம்.

ஆக, விதை மாறவில்லை. புழுதான் மாறியிருக்கிறது.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1843-இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்ததே இந்தியப் பருத்தியில் கிடைத்த மாதிரியைப் பார்த்துத்தான். 2002 மார்ச்சில் மத்திய அரசு பிடி பருத்திக்கு அனுமதி கொடுத்தபோது அதில் க்ரை1ஏசி என்ற ஒரே ஒரு மரபணுதான் இருந்தது. 2006-இல் க்ரை2ஏபி என்ற இரண்டாவதையும் சேர்த்து பிஜி-2 வந்தது. அதற்கு முன்பு பச்சைப் புழுவுக்கு வாரம் ஒரு மருந்து அடித்து நொந்துபோன தலைமுறைக்கு அது பெரிய விடுதலை. 1990-களில் நாட்டில் விற்ற பூச்சிக்கொல்லியில் கிட்டத்தட்டப் பாதி பருத்திக்கே போனது. பிடி வந்த பிறகு காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து வெகுவாகக் குறைந்தது. ஹெக்டேருக்கு 300 கிலோ சுமாரில் இருந்த பஞ்சு விளைச்சல் 2007-08-இல் 550 கிலோவைத் தாண்டியது. அதில் பாசனத்துக்கும் உரத்துக்கும் புதிய வீரிய ஒட்டு விதைகளுக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் பிடியின் கணக்கில் எழுதக் கூடாது, பிடிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் கூடாது.

பிறகு குஜராத்தில் தொடங்கியது சரிவு. அம்ரேலி, பாவ்நகர், ஜூனாகட், ராஜ்கோட் மாவட்டங்களில் முதல் மரபணுவுக்கு இளஞ்சிவப்புப் புழு சாகவில்லை என்று 2010-இல் விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2014, 2015 வாக்கில் அங்கே பிஜி-2-வையும் அது தின்று தீர்த்தது. 2017-இல் மகாராஷ்டிரா. 2021-இல் பஞ்சாப், ஹரியானாவின் பருத்தி மாவட்டங்கள். பிஜி-2 போட்டும் இந்தப் புழுவிடம் மாட்டிக்கொண்டவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல.

ஏன் இந்தப் புழு மட்டும் தப்பித்தது, பச்சைப் புழு ஏன் இன்னும் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் நீங்கள் இப்போது செய்ய வேண்டியது தானாகவே தெளிவாகிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோடிக்கணக்கான புழுக்களில் மிக அரிதாக ஒன்றிரண்டுக்குப் பிடி புரதத்தைத் தாங்கும் குணம் பிறவியிலேயே இருக்கும். பெரும்பாலும் அந்தக் குணம் தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் பலிக்கும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் அந்தக் குஞ்சுப்புழு பிடி காயைத் தின்று செத்துப்போகும். எனவே தப்பிப் பிழைத்த அந்துப்பூச்சிக்குச் சோடியாக, பிடியே தின்னாத சாதாரணப் பூச்சி கிடைத்துக்கொண்டே இருந்தால் எதிர்ப்புக் குணம் பரவாது. அந்தச் சாதாரணப் பூச்சிகளை வளர்ப்பதற்குத்தான் பிடி அல்லாத பருத்தியை ஓரத்தில் போடச் சொன்னார்கள். பாக்கெட்டோடு 120 கிராம் சின்ன பாக்கெட் ஒன்று தனியாக வந்ததே, நினைவிருக்கிறதா? வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, எது அதிகமோ அதைப் போட வேண்டும் என்பது விதி.

யாரும் போடவில்லை என்றே சொல்லலாம். அதற்காக விவசாயியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மூன்று ஏக்கர் வைத்திருப்பவரிடம், அரை ஏக்கருக்கு மேல் புழுவுக்கு விட்டுக்கொடு என்று சொன்னவர்கள், அந்த நட்டத்தை யார் தாங்குவது என்று சொல்லவில்லை. பல பாக்கெட்டுகளில் அந்தச் சின்ன விதை சரியாக முளைக்கவும் இல்லை, பூக்கும் காலமும் பொருந்தவில்லை. இப்போது தனிப் பாக்கெட்டை விட்டுவிட்டு, பிடி அல்லாத விதையில் கொஞ்சத்தை ஒரே பையில் கலந்தே தருகிறார்கள். நீங்கள் வாங்கியதும் அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். இது காலம் கடந்து வந்த ஏற்பாடு.

பச்சைப் புழுவுக்கு நாம் எதையும் ஒதுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. துவரை, கொண்டைக்கடலை, தக்காளி, மக்காச்சோளம், வெண்டை எல்லாவற்றிலும் அது வளரும். ஊரெங்கும் பிடி வாசனையே படாத பூச்சிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் கிட்டத்தட்ட வேறு போக்கிடம் இல்லை. நாட்டில் போடும் பருத்தியோ பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடி. அதற்கு வாய்த்தது பிடி மட்டுமே. தாங்கியது பிழைத்தது, பிழைத்தது பெருகியது.

இன்னொரு காரணமும் உண்டு. இதை நம் நாட்டில் போதுமான அளவு யாரும் பேசவில்லை என்பது என் வருத்தம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிடி மரபணுவைத் தலைமுறைக்குத் தலைமுறை குணம் மாறாத ரகங்களில் வைத்தார்கள். இந்தியாவில் இரண்டு பெற்றோரைக் கலந்து உண்டாக்கும் வீரிய ஒட்டில் வைத்தார்கள். ஒட்டுச் செடியின் காய்க்குள் இருக்கும் எல்லா விதையிலும் பிடி புரதம் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் இரண்டு புரதம், சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. விதை விதையாகத் தின்று நகரும் புழுவுக்கு இது அரைகுறை விஷம். போதாக்குறைக்கு நாள் ஆக ஆகச் செடியில் புரதத்தின் அளவும் குறையும். நூறு நாளைத் தாண்டிய செடியின் காயில் இளம் இலையில் இருக்கும் அளவு இருக்காது. அப்படியிருக்க, நம் ஒட்டு ரகங்களோ ஆறு மாதம், ஏழு மாதம் வயலில் நிற்கின்றன. உங்கள் முதல் இரண்டு எடுப்பு தப்பி மூன்றாவது மாட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் அரிசோனாவில் இதே புழுவை இதே பிடியை வைத்தே ஒழித்தார்கள். அங்கே விவசாயிகள் ஒதுக்க வேண்டிய பரப்பை ஒதுக்கினார்கள். 2006 முதல் மலட்டு அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் வளர்த்து விமானத்திலிருந்து தூவினார்கள். அறுவடை முடிந்ததும் மாரை, அதாவது நிற்கும் பருத்திச் செடித் தண்டை, அழிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். 2018-இல் அமெரிக்கப் பருத்தி மாவட்டங்களில் இந்தப் புழு இல்லை என்று அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது. மரபணு அங்கும் இதேதான். சுற்றியிருந்த வேலைகளை ஊரே சேர்ந்து செய்தது, வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி உங்கள் வயலுக்கு வருவோம்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஏக்கருக்கு இருபது பச்சைக் காய் வீதம், ஒரே இடத்தில் பறிக்காமல் வயல் முழுக்க நடந்து பறித்து, திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். முட்டை பொரித்த ஓரிரு நாளுக்குள் புழு காய்க்குள் போய்விடும், போன துளை தானே மூடிக்கொள்ளும். அதனால்தான் வெளியே ஒன்றும் தெரியவில்லை. காய்த்தோலின் உள்பக்கத்தைப் பாருங்கள். சின்னக் கொப்புளம் போலத் தடித்திருந்தால் புழு அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. சுளைக்கும் சுளைக்கும் நடுவே இருக்கும் சுவரில் ஓட்டை இருக்கும், ஒரு சுளையை முடித்து அடுத்ததற்குப் போன வழி அது. சின்னப் புழு வெள்ளையாகவும் தலை மட்டும் கறுப்பாகவும் இருக்கும், வளர்ந்த பிறகுதான் சிவப்பேறும். இரண்டு விதையை நூலால் ஒட்டி, நடுவைக் குடைந்து, உள்ளே சுருண்டு கிடக்கும் புழுவும் கிடைக்கலாம். அந்த இரட்டை விதையைத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். அதற்குள் இருக்கும் புழு தூங்குகிறது. மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாமல் கிடந்து, அடுத்த பருவத்தில் நீங்கள் விதைத்த செடி பூக்கும் நேரத்துக்கு அந்துப்பூச்சியாக வெளியே வரும்.

இதைப் பார்த்துவிட்டால் ஐந்து தடவை அடித்த மருந்து ஏன் எடுபடவில்லை என்பது புரியும். மருந்து காயின் மேல் நிற்கிறது, புழு உள்ளே இருக்கிறது. வெளியே இருக்கும் அந்துப்பூச்சி, முட்டை, அப்போதுதான் பொரித்த குஞ்சு இவற்றுக்குத்தான் மருந்து படும். இப்போது ஆறாவது தடவை அடிப்பது வீண் செலவு, அடிக்காதீர்கள். இரண்டு மருந்தைக் கலப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஆளுயரச் செடிக்குள் முகமூடியும் கையுறையும் இல்லாமல் கலவை மருந்தை அடித்தவர்கள் அவர்கள். உங்கள் வயலில் யார் அடித்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்குத் தலைசுற்றல், வாந்தி, கண் மங்கல் ஏதாவது வந்ததா என்று கேளுங்கள். வந்திருந்தால் மருந்து டப்பாவோடு அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மழைக்குத் துளிர்த்த செடியை இன்னொரு எடுப்புக்கு விட வேண்டாம். இதைச் சொல்லும்போது எனக்குத் தெரியும், மூன்றாவது எடுப்பில் விட்டதை நாலாவதில் பிடித்துவிடலாம் என்று மனது சொல்லும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது வரும் பூவும் பிஞ்சும் வயலில் ஏற்கெனவே இருக்கும் புழுவுக்குத்தான் தீனி. அதில் வருவது பெரும்பாலும் கொட்டுப் பருத்தி. எடுப்புக் கூலி கொடுத்து, தரம் பிரிக்கக் கூலி கொடுத்து, பாதி விலைக்கு விற்று என்ன மிஞ்சும்? அதைவிட மோசம், அந்தப் பிஞ்சுகளில் வளரும் புழுதான் தூங்கப் போகிற புழு. இந்தப் புழுவை வெல்ல நமக்கு இருக்கும் பெரிய ஆயுதம் அதைப் பட்டினி போடுவதுதான்.

நல்ல காய் வெடித்திருப்பதை மட்டும் இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். நல்ல பருத்தியைத் தனிச் சாக்கிலும் கொட்டுப் பருத்தியைத் தனிச் சாக்கிலும் போடுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கலந்து கொண்டுபோனால் எல்லாவற்றுக்கும் கொட்டு விலைதான் வைப்பார்கள். விலை ஏறும் என்று கொட்டுப் பருத்தியை வீட்டில் அடுக்கி வைக்காதீர்கள், அதற்குள் இரட்டை விதையும் சேர்ந்து அடுக்கப்படுகிறது.

அதன் பிறகு ஆட்டை விடுங்கள். கிடை போடுகிறவர்கள் உங்கள் பக்கம் நிறைய வருவார்கள், தை, மாசியில் கரிசலில் அவர்களைப் பார்க்கலாம். வெடிக்காமல் நிற்கும் காயையும் துளிரையும் செம்மறியும் வெள்ளாடும் மொட்டையடித்துவிடும், உள்ளே இருக்கும் புழுவும் அதோடு போகும். எந்த மருந்தாலும் முடியாததை ஓர் ஆட்டு மந்தை இரண்டு நாளில் செய்யும், நிலத்துக்கு எருவும் கிடைக்கும். ஆனால் நீங்கள் கலவை மருந்து அடித்திருக்கிறீர்கள். கடைசியாக அடித்த தேதியையும் மருந்துகளின் பெயரையும் கிடைக்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எத்தனை நாள் கழித்து மேய விடலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டு விடுங்கள். பிடி பருத்தியை மேய்ந்து ஆடு செத்தது என்ற பேச்சு 2006-இல் ஆந்திராவில் எழுந்தது. விசாரித்தவர்கள் பிடி புரதம்தான் காரணம் என்று உறுதி செய்யவில்லை. செடியில் நிற்கும் பூச்சிமருந்து ஆட்டைக் கொல்லும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது மார். பிடுங்கி வரப்பில் அடுக்கி, மழைக்காலம் வரை அடுப்பெரிக்க வைத்துக்கொள்வது நம் வழக்கம். காயோடு அடுக்கிய மார் புழுவுக்கு வீடு. காயையும் சப்பையையும் உதறி எடுத்து அழித்த மார் என்றால் விறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் டிராக்டரில் மாட்டித் தண்டைத் துண்டாக்கும் கருவி வாடகைக்குக் கிடைக்குமா என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். தூளாக்கி மண்ணில் விடுவது கரிசலுக்கு நல்லது. பிறகு முதல் கோடை மழைக்கு ஆழ உழவு. புரண்டு மேலே வரும் கூட்டுப்புழுவை வெயிலும் மைனாவும் பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் மட்டும் செய்தால் போதுமா? போதாது. அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது. நம் மாநிலத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மானாவாரிப் பருத்தி முடியும்போது இறவைக் கோடைப் பருத்தியும், டெல்டாவில் நெல் தரிசுப் பருத்தியும் பூக்கத் தொடங்கிவிடும். வட இந்தியாவில் பருத்தி இல்லாத மாதங்கள் உண்டு. இங்கே ஏதாவது ஒரு மாவட்டத்தில் ஏதாவது ஒரு பருத்தி நின்றுகொண்டே இருக்கிறது. கொட்டுப் பருத்தி லாரியில் ஊர் ஊராகப் போகும்போது புழுவும் கூடவே போகிறது. அரவை ஆலைகளின் சுற்றுச்சுவருக்குள் பொறி வைத்து, கழிவு விதையை உடனுக்குடன் அழித்தால் பெரிய உதவியாக இருக்கும். அதை அரசு கண்டிப்பாகச் செய்ய வைக்க வேண்டும் என்று நான் பல கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன். உங்கள் அளவில், சுற்றி இருக்கும் பத்துப் பன்னிரண்டு வீட்டாரைக் கூப்பிட்டு, மாசிக்குள் எல்லோரும் வயலைச் சுத்தம் செய்வது, அடுத்த வருடம் ஒரே வாரத்துக்குள் விதைப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். மகளிர் குழு இருந்தால் இன்னும் சுலபம்.

அடுத்த வருட விதை. அந்த 'பிஜி-3'-ஐத் தொடாதீர்கள். இளஞ்சிவப்புப் புழுவுக்கென்று புது மரபணு வைத்த பருத்தி எதுவும் இந்திய விவசாயிக்கு விற்பனைக்கு இன்னும் வரவில்லை. வயல் சோதனைகள் நடக்கின்றன, அவ்வளவுதான். 'பிஜி-3', '4ஜி' என்றெல்லாம் பெயர் வைத்துப் பில் இல்லாமல் விற்பது, பழைய பிடியோடு களைக்கொல்லி தாங்கும் மரபணு சேர்ந்த, அனுமதி பெறாத விதை. களைக்கொல்லிக்கு அது சாகாமல் இருக்கலாம். புழு விஷயத்தில் நீங்கள் இப்போது போட்டிருப்பதைவிட அதில் ஒன்றும் கூடுதல் இல்லை, பல பாக்கெட்டுகளில் அந்தப் பிடியாவது ஒழுங்காக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. முளைக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அதை விற்பது சட்டப்படி குற்றம், வாங்கிய உங்களுக்கு ஒரு பைசா நட்டஈடும் கிடைக்காது. களைக்கொல்லி காற்றில் அடித்துப் பக்கத்து வயல் உளுந்தோ சின்ன வெங்காயமோ கருகினால் அந்தச் சண்டை தனி.

என் யோசனை, இந்த மூன்று ஏக்கரில் ஒன்றரை ஏக்கராவது அடுத்த பருவம் பருத்தி இல்லாமல் இருக்கட்டும். வரகு, குதிரைவாலி, உளுந்து, எது உங்கள் மண்ணுக்கும் கையிலிருக்கும் காசுக்கும் ஒத்துவருமோ அது. மீதியில் 150 நாளுக்குள் முடியும் ஒட்டு ரகத்தை மழை பார்த்துச் சீக்கிரம் விதையுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 17 என்ற ரகம் இருக்கிறது. பக்கக்கிளை விடாமல் ஒடுக்கமாக வளரும், நெருக்கி நடலாம், சீக்கிரம் முடியும். அது பிடி இல்லை, பச்சைப் புழுவுக்குக் கண் வைத்திருக்க வேண்டும். உங்கள் மானாவாரிக்கு ஒத்துவருமா என்று உதவி வேளாண் அலுவலரிடம் கேட்டுக் கால் ஏக்கரில் போட்டுப் பாருங்கள். சின்ன வயதில் முடிகிற பயிர்தான் இந்தப் புழுவுக்கு உண்மையான மருந்து என்பது என் உறுதியான கருத்து.

விதைத்த 45-ஆம் நாள், ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள், ஏக்கருக்கு இரண்டு. செடியின் உச்சிக்கு அரையடி மேலே நிற்கட்டும், செடி வளர வளர உயர்த்துங்கள். பொறிக்குள் வைக்கும் வாசனைக் குப்பி இளஞ்சிவப்புப் புழுவுக்கு வேறு, பச்சைப் புழுவுக்கானது வேறு. கடையில் கேட்டு வாங்குங்கள். தினமும் காலையில் விழுந்ததை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு பொறியில் ஓர் இரவுக்கு எட்டு வீதம் தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் அதுதான் மருந்துக்கான நேரம். பூ பூக்கும்போது விரியாமல் ரோஜா மொட்டுப் போல இதழ் ஒட்டி நிற்கும் பூக்களைக் கண்டால் பறித்து நசுக்கிவிடுங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு. பத்தில் ஒரு பூவோ, உடைத்துப் பார்த்த இருபது காயில் இரண்டோ அப்படி இருந்தால் அப்போதும் மருந்து அடிக்க வேண்டும். அதற்கு முந்திய கட்டத்தில் 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறும் முட்டை ஒட்டுண்ணி அட்டையும் (பூச்சியின் முட்டையை அழிக்கும் நுண்குளவிகளைத் தாங்கிய அட்டை) நல்ல பலன் தரும். ஒட்டுண்ணி அட்டை கட்டினால் ஒரு வாரமாவது பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. மருந்து அடிப்பதானால் ஒரு தடவைக்கு ஒரு மருந்து, லேபிளில் போட்ட அளவு, அடுத்த தடவை வேறு வகை. பைரித்ராய்டு வகை மருந்தை முன்கூட்டியே அடித்தால் வெள்ளை ஈ ஏறிவிடும். வெள்ளை ஈ, தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி எதையும் பிடி தொடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. அவளுக்கே நேராகச் சொல்கிறேன்.

அம்மா, பிடி என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. 1901-இல் ஜப்பானில் இஷிவாடா என்பவர் செத்த பட்டுப்புழுவில் இதைக் கண்டார். பத்து ஆண்டு கழித்து ஜெர்மனியின் துரிங்கியாவில் பெர்லினர் என்பவர் தானிய மாவில் வளரும் ஓர் அந்துப்பூச்சியின் புழுவில் கண்டு, அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். இயற்கை விவசாயிகள் இன்றும் இந்தப் பாக்டீரியாவையே தண்ணீரில் கலந்து அடிக்கிறார்கள். அதன் புரதம் விஷம்தான், ஆனால் யாருக்கு என்று கேட்க வேண்டும். காய்ப்புழுவின் குடல் காரத்தன்மை உள்ளது. அங்கே புரதம் கரைந்து, குடல் சுவரில் தனக்குப் பொருந்தும் இடத்தைப் பற்றி, ஓட்டை போடுகிறது. புழு தின்பதை நிறுத்திச் சாகிறது. மனிதருக்கோ மாட்டுக்கோ குடலில் அந்தப் பற்றுமிடம் இல்லை, நம் இரைப்பையின் அமிலத்தில் அது மற்ற புரதங்களைப் போலச் செரித்துவிடும். பதினைந்து ஆண்டுக்கும் மேலாக நம் நாட்டில் மாடுகள் தின்னும் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் பெரும்பாலும் பிடி பருத்தியில் வந்தவைதான்.

ஆனால் விதை கையை விட்டுப் போய்விட்டதே, வருடா வருடம் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்று நீ வருத்தப்பட்டால் நான் உன் பக்கம். கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி போட்ட கரிசலில் இன்று அந்த விதையைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அது பிடி மரபணுவின் குற்றம் என்பதைவிட, அதை ஒட்டு விதைக்குள் மட்டும் வைத்துக் கொடுத்த முடிவின் குற்றம் என்பேன்.

கத்தரிக்காய் பற்றி: காய்த்துளைப்பானுக்கு எதிரான பிடி கத்தரிக்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பயிர் ஒப்புதல் குழு சம்மதித்தது. கோ 2, எம்டியு 1 போன்ற நம் ரகங்களிலும் அதை வைத்திருந்தார்கள். 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். வங்கதேசத்தில் 2014 முதல் விவசாயிகள் பயிரிடுகிறார்கள். நாளைக்கு இங்கே வந்தாலும், சாப்பிடலாமா என்ற கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பேன். காய்த்துளைப்பானும் பெரும்பாலும் கத்தரியையே நம்பி வாழ்கிற புழு. அதற்குச் சாதாரணக் கத்தரியை எங்கே, யார், யார் செலவில் விட்டுவைக்கப் போகிறார்கள்? அதற்குப் பதில் இல்லாமல் வந்தால் பருத்தியில் நடந்தது கத்தரியிலும் நடக்கும்.

மாட்டுக்குக் கொட்டை வைப்பதில் வேறொரு எச்சரிக்கை இருக்கிறது. எல்லாப் பருத்திக்கொட்டையிலும், பிடி ஆனாலும் நாட்டு ரகம் ஆனாலும், காசிபால் என்ற நஞ்சு இயற்கையாகவே இருக்கிறது. வளர்ந்த பசுவின் அசைபோடும் வயிறு அளவோடு வைத்தால் அதைச் சமாளித்துவிடும். இளங்கன்றுக்கு வைக்கவே கூடாது. சினை மாட்டுக்கு எவ்வளவு என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். அரவை ஆலையிலிருந்து வரும் கொட்டையில் மருந்து வாசம் அடித்தால் வாங்காதீர்கள். பாக்கெட்டில் மிஞ்சிய விதைப்பு விதை வீட்டில் இருந்தால், சாயம் ஏற்றிய விதை, அதில் பூச்சிமருந்து பூசியிருக்கிறது. அது மாட்டுக்கும் ஆகாது, கோழிக்கும் ஆகாது, பருத்திப்பாலுக்கும் ஆகாது. கிணற்றுக்கும் தொழுவத்துக்கும் தள்ளி ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.